எல்லா இயங்குதளத்திலும் ஓடுமாம்: திரைப் பகிர்வு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சித்தப்பாவின் மடிக்கணினியில் லினக்ஸ், என்னுடையதில் விண்டோஸ். ஒருநாள் அவருடைய பிரின்டர் மக்கர் பண்ணியது. "மேலே வலது மூலையைப் பாருங்க", "எந்த மூலை?", "கடிகாரத்துக்குப் பக்கத்துல", "கடிகாரம் நடுவுல இல்ல இருக்கு!" என்று அரை மணி நேரம் ஃபோனில் மல்லுக்கட்டினோம். அதற்கு மேல் பொறுமை இல்லை. திரைப் பகிர்வு மென்பொருள் ஒன்றை இரண்டு பேரும் இறக்கிக்கொண்டோம். அதன் இணையதளத்தில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றின் சின்னங்களும் பளிச்சென்று வரிசையாக இருந்தன. அவர் பக்கத்தில் மென்பொருள் காட்டிய எண்ணைச் சொன்னார், நான் தட்டினேன், இணைப்பும் கிடைத்தது.

என் திரையில் பெரிதாக ஒரு கறுப்புச் சதுரம். அதற்குள் மவுஸ் அம்பு மட்டும் தனியாக நீந்திக்கொண்டிருந்தது.

"தெரியுதா?"

"இல்ல சித்தப்பா, ஒரே கறுப்பா இருக்கு."

"எனக்கு நல்லாத் தெரியுதேப்பா."

இணையதளம் பொய் சொல்லவில்லை. அந்த மென்பொருள் லினக்ஸில் திறக்கத்தான் செய்தது. ஆனால் அந்தச் சின்னங்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை: இந்தக் கணினியிலிருந்து பிறர் திரையைப் பார்க்க முடியுமா, அல்லது இந்தக் கணினி தன் திரையைப் பிறருக்குக் காட்ட முடியுமா? இரண்டும் வேறு வேலைகள். பார்ப்பது சுலபம். வருகிற படத்தை ஒரு ஜன்னலில் வரைந்தால் போதும், எந்த இயங்குதளமும் அதைத் தடுக்காது. காட்டுகிற பக்கத்தில்தான் வம்பெல்லாம். ஒரு நிரல் திரை முழுவதையும் படம் பிடிப்பதையும், மவுஸையும் விசைப்பலகையையும் தானாக இயக்குவதையும் இன்றைய இயங்குதளங்கள் முழுதாகச் சும்மா விட்டுவிடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பூட்டு.

ஆகவே "எது நல்ல மென்பொருள்?" என்று ஆரம்பிக்காதீர்கள். யார் திரை காட்டப்படப் போகிறது, அந்தக் கணினியில் என்ன ஓடுகிறது என்று ஆரம்பியுங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

ஒரே பெயரில் மூன்று வேலைகள்

எல்லாவற்றையும் நாம் ஸ்க்ரீன் ஷேரிங் என்றே சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, வெறுமனே காட்டுவது. கூட்டத்தில் ஒரு விளக்கப்படத்தைக் காட்டுகிறீர்கள், மற்றவர்கள் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இதற்குத் தனி மென்பொருளே தேவையில்லை. கூகுள் மீட், ஜூம், ஜிட்ஸி மீட் எதுவானாலும் சரி. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், சஃபாரி எல்லா உலாவிகளுக்கும் திரையைப் பகிரத் தெரியும். இதற்கு அடியில் இருப்பது வெப்ஆர்டிசி என்ற தொழில்நுட்பம், 2021இல் அதிகாரப்பூர்வ இணையத் தரமாகவே ஆகிவிட்டது. கணினிக்குக் கணினி என்றால் இயங்குதளம் எது என்று இங்கே கவலைப்பட வேண்டாம். கைபேசியின் உலாவியிலிருந்து மட்டும் திரையைப் பகிர முடியாது, அதற்குச் செயலி வேண்டும்.

இரண்டாவது, கையிலேயே கொடுத்துவிடுவது. நான் பார்ப்பதோடு நிற்காமல் உங்கள் மவுஸை நகர்த்துவேன், உங்கள் விசைப்பலகையில் தட்டுவேன். நீங்களும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சித்தப்பாவுக்கு வேண்டியிருந்தது இதுதான்.

மூன்றாவது, எதிரே ஆளே இல்லாத கணினிக்குள் நுழைவது. வீட்டுக் கணினியை ஓடவிட்டுவிட்டு வெளியூரிலிருந்து அதில் ஒரு கோப்பைத் திறக்கிறீர்கள். "அனுமதிக்கிறேன்" என்று அழுத்த அங்கே யாரும் இல்லை. ஆகவே நிலையான கடவுச்சொல் வேண்டும், கணினி தொடங்கும்போதே மென்பொருளும் தொடங்க வேண்டும், கணினி தூங்கிவிடவும் கூடாது.

இரண்டையும் மூன்றையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம். விண்டோஸிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்போடு வந்தது, ஆர்டிபி என்று பெயர், வேகத்தில் அருமை. ஆனால் வழக்கமான விண்டோஸ் கணினி ஒன்றில் அதன் வழியாக நீங்கள் நுழைந்ததும், அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். அவருக்கு எதையும் காட்டிச் சொல்லித்தர முடியாது. அது கணினிக்குள் புகுந்துகொள்ளும் வழி, சேர்ந்து பார்க்கும் வழியாக அதை நினைத்தால் ஏமாற்றம்தான். இன்னொன்று: விண்டோஸ் ஹோம் பதிப்பு இந்த வகை இணைப்பை ஏற்றுக்கொள்ளாது. புரோ பதிப்பு ஏற்கும். ஹோமிலிருந்து பிற கணினிகளுக்குள் போகலாம், ஹோமுக்குள் வர முடியாது. பார்ப்பதும் காட்டுவதும் வேறு என்று சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

திரை எப்படிப் பயணம் போகிறது

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1920க்கு 1080 என்ற அளவுள்ள சாதாரணத் திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. ஒரு புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு முழுத்திரைப் படத்துக்குச் சுமார் 6.2 மெகாபைட். நொடிக்கு 30 படங்கள் அனுப்பினால் சுமார் 187 மெகாபைட், இணைய வேகக் கணக்கில் சொன்னால் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மெகாபிட். சாதாரண வீட்டு இணைப்புக்கு இது தாங்காது. ஆகவே மாறிய பகுதியை மட்டும் கண்டுபிடித்து, அதையும் சுருக்கி அனுப்புகிறார்கள். நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தைச் சுற்றியுள்ள சின்னக் கட்டம் மட்டுமே பயணிக்கிறது. ஜன்னல் ஒன்றை இழுத்து ஆட்டினாலோ காணொளி ஓடினாலோ எல்லாக் கட்டமும் மாறுகிறது, இணைப்பு மூச்சுத் திணறுகிறது. எதிர்முனை தடுமாறும்போது ஆடும் விளம்பரங்கள் உள்ள பக்கத்தை மூடச் சொல்வது இதனால்தான். பின்னணிப் படத்தை ஒரே நிறமாக மாற்றச் சொல்வதும் அப்படித்தான்.

சுருக்கும்போது ஒன்று அடிபடும். காணொளிக்கென்று உருவான சுருக்க முறைகள் பலவும் வெளிச்சத்தை நுணுக்கமாகவும் நிறத்தைப் பாதி நுணுக்கத்திலும் வைத்துக்கொள்கின்றன. முகம் பார்க்க அது போதும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து இருந்தால் ஓரங்கள் கலங்கிவிடும். தமிழ் எழுத்து சின்னதாக இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போய் 'க்' 'க' ஆகிவிடும். நிரல் எழுதுவது, கணக்குத்தாள் பார்ப்பது போன்ற வேலைக்கு எடுக்கிறீர்கள் என்றால் அமைப்புகளில் தரம், வேகம் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தரத்தை அழுத்துங்கள்.

இதெல்லாம் நேற்று முளைத்த யோசனை என்று நினைத்துவிட வேண்டாம். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற கணினி ஆய்வாளர் மேடையில் அமர்ந்து, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியரோடு ஒரே திரையைப் பகிர்ந்து வேலை செய்து காட்டினார். மவுஸைப் பொதுமேடையில் உலகம் பார்த்ததும் அந்த நிகழ்ச்சியில்தான். அவருக்கு ஒரு வசதி இருந்தது. இரண்டு முனையிலும் ஒரே குழுவின் ஒரே அமைப்பு. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

காட்டுகிற பக்கத்துப் பூட்டுகள்

லினக்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன், கறுப்புச் சதுரத்தின் விடை அங்கேதான் இருக்கிறது. லினக்ஸில் திரையை வரையும் அடித்தளம் இரண்டு உண்டு. பழையது எக்ஸ்11, 1987இலிருந்து இருக்கிறது. அதில் எந்த நிரலும் மொத்தத் திரையையும் யாரையும் கேட்காமல் பார்க்கலாம், மற்ற நிரல்களில் தட்டும் விசைகளைக்கூடக் கவனிக்கலாம். திரைப் பகிர்வுக்குச் சொர்க்கம், பாதுகாப்புக்கு ஓட்டைப் பானை. புதியது வேலண்ட், 2008இல் தொடங்கியது. அதில் ஒரு நிரலுக்குத் தன் ஜன்னலைத் தவிர வேறொன்றும் தெரியாது. திரை வேண்டுமென்றால் போர்ட்டல் என்ற இடைத்தரகரிடம் விண்ணப்பிக்க வேண்டும். உடனே அங்கே இருப்பவரின் திரையில் "எந்தத் திரையைப் பகிரலாம்?" என்று ஒரு பெட்டி வரும். அவர் ஒப்புக்கொண்டால் பைப்வயர் என்ற குழாய் வழியாகப் படம் கிடைக்கும்.

பழைய பாணியில் எழுதிய மென்பொருளுக்கு இந்த விண்ணப்பம் போடத் தெரியாது. அது எக்ஸ்11 இருப்பதாக நினைத்துக்கொண்டு திரையை எடுக்கப் போகும், வெற்றுக் கறுப்பு கிடைக்கும். எனக்குக் கிடைத்தது அதுதான். லினக்ஸ் வகைகளான ஃபெடோரா 2016இலும், உபுண்டு 21.04 பதிப்பிலும் வேலண்டை இயல்பாக்கிவிட்டன. ஆகவே லினக்ஸ் கணினியின் திரையைக் காட்ட வேண்டுமென்றால் மென்பொருளின் பக்கத்தில் லினக்ஸின் சின்னமான பென்குவின் படம் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. "வேலண்ட்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் கணினியில் எது ஓடுகிறது என்று உபுண்டுவின் அமைப்புகளில், கணினியைப் பற்றிய விவரப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சித்தப்பாவின் கணினியில் நான் பிடித்தது குறுக்கு வழி. உள்நுழையும் திரையில் பெயரைச் சொடுக்கியதும் கீழ் மூலையில் ஒரு பற்சக்கரம் வரும், அதில் எக்ஸ்11 அமர்வைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படி நுழைந்ததும் படம் வந்துவிட்டது. இந்தக் குறுக்கு வழி நெடுநாள் தாங்காது, உபுண்டு 25.10இல் அதன் வழக்கமான மேசைச் சூழலான க்னோமுக்கான அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். வேலண்டுடன் வாழப் பழகிய மென்பொருளைத் தேடிக்கொள்வதே மேல். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: அந்த அனுமதிப் பெட்டியை அழுத்த ஆள் வேண்டும். ஆளில்லாத லினக்ஸ் கணினிக்கு வெளி மென்பொருளை நம்புவதைவிட க்னோமிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியைப் பயன்படுத்துவது நிம்மதி. 2022இல் வந்த க்னோம் 42இலிருந்து அது ஆர்டிபி மொழியே பேசுகிறது. விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் நிரலால் உபுண்டுவைத் திறக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. க்னோம் 46இல், யாரும் உள்நுழையாமல் நிற்கும் கணினிக்குள்ளும் போக வழி செய்துவிட்டார்கள்.

மேக்கில் பூட்டு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது, ஆனால் சாவி இரண்டு. 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து திரைப்பதிவுக்கு ஒரு அனுமதி வேண்டும். மவுஸையும் விசைப்பலகையையும் இயக்க 'அணுகல்தன்மை' என்ற வேறொரு அனுமதி வேண்டும். இரண்டும் அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். முதல் சாவி இல்லையென்றால் வேடிக்கையாக ஒன்று நடக்கும்: எதிர்முனைக்கு மேக்கின் பின்னணிப் படமும் மேல்பட்டையும் தெரியும், திறந்திருக்கும் ஜன்னல் ஒன்றுகூடத் தெரியாது. "அவங்க எதையுமே திறக்கலையே" என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது சாவி இல்லையென்றால் எல்லாம் தெரியும், சொடுக்கினால் எதுவும் நகராது. இந்த அனுமதிகளைத் தொலைவிலிருந்து கொடுக்க முடியாது. மேக்கின் முன் உட்கார்ந்திருப்பவர் கடவுச்சொல்லைத் தட்டி, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். ஆகவே ஃபோனில் வழிசொல்லத் தயாராக இருங்கள். அந்த முதல் ஐந்து நிமிடத்துக்கு எந்த மென்பொருளும் உதவாது. 2024இல் வந்த செக்வோயா பதிப்பு இதற்கும் மேலே போய், "இந்த நிரல் இன்னும் உன் திரையைப் பார்க்கலாமா?" என்று அவ்வப்போது நினைவூட்டுகிறது.

விண்டோஸ் இந்த விஷயத்தில் தாராள மனசு. திரையை எடுப்பதற்கு எந்தக் கேள்வியும் கேட்காது. முக்கியமாக ஓர் இடத்தில் கதவை அறைந்து சாத்தும். ஏதாவது நிறுவும்போது திரை மங்கி, "இந்த நிரல் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா?" என்று கேட்குமே, அந்தப் பெட்டி பாதுகாக்கப்பட்ட தனி மேசையில் (டெஸ்க்டாப்) வருகிறது. சாதாரணமாக ஓடும் நிரலுக்கு அது தெரியாது. உங்கள் பக்கம் படம் உறைந்து நிற்கும் அல்லது கறுப்பாகும், எதிர்முனையில் இருப்பவர் "ஏதோ கேட்குது" என்பார். நிறுவாமல் அப்படியே ஓட்டும் சின்னக் கோப்பாக மென்பொருளை இறக்கியிருந்தால் இது நடக்கும். முறையாக நிறுவிவிட்டால் அது பின்னணியில் இயங்கும் சேவையாக ஓடும், அந்தப் பெட்டியும் தெரியும். ஒருமுறை உதவிக்குச் சின்னக் கோப்பு போதும், அடிக்கடி உதவுவதாக இருந்தால் நிறுவிவிடுங்கள்.

கைபேசியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலிருந்தும் கணினியைப் பார்க்கலாம், இயக்கலாம். ஆண்ட்ராய்டு தன் திரையைக் காட்டும், கூடுதல் அனுமதிகள் கொடுத்தால் பல கருவிகளில் கட்டுப்பாட்டையும் தரும். ஐஃபோன் திரையைக் காட்டும், ஆனால் அதை வெளி நிறுவனச் செயலிகள் இயக்க ஆப்பிள் விடுவதில்லை. "ஐஓஎஸ் ஆதரவு உண்டு" என்ற வரியைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

நடுவில் இருக்கும் சாலை

இரண்டு கணினிகளும் ஒரே வீட்டு வைஃபையில் இருந்தால் ஒன்றின் முகவரி மற்றதற்குத் தெரியும், நேராகப் போகலாம். வெவ்வேறு இடங்களில் இருந்தால் நடுவில் இரண்டு ரவுட்டர்கள். வெளியே போகும் பேச்சை ரவுட்டர் அனுமதிக்கும், வெளியிலிருந்து தட்டுபவருக்குக் கதவைத் திறக்காது. டீம்வியூவர், எனிடெஸ்க் மாதிரியானவை ஒரு எண்ணைக் கொடுத்ததும் இணைவதன் ரகசியம், இரண்டு கணினிகளும் ஏற்கெனவே அந்த நிறுவனத்தின் சர்வரோடு பேசிக்கொண்டிருப்பதுதான். சர்வர் இருவரையும் அறிமுகப்படுத்தி நேரடி வழி கண்டுபிடிக்கப் பார்க்கும். முடியாவிட்டால் நடுவில் நின்று கைமாற்றிவிடும் ரிலே சர்வர் வழியாகவே எல்லாம் போகும், கொஞ்சம் மெதுவாக.

பழைய முறைகளில் இந்த அறிமுகக்காரர் இல்லை. விஎன்சி அப்படிப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வகத்தில் பிறந்தது. இயங்குதளம் எதுவாக இருந்தாலும் திரை என்பது புள்ளிகளால் ஆன செவ்வகம்தானே என்ற ஒரே யோசனையில் கட்டப்பட்டதால் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற வேறுபாடே அதற்கு இல்லை. மேக்கில் உள்ளேயே இருக்கும் திரைப் பகிர்வும் விஎன்சி வழிவந்ததுதான். வீட்டுக்குள் பயன்படுத்த இன்றும் நல்ல பொருள். ஆனால் அதற்காக ரவுட்டரில் 5900 என்ற வாசலை, அல்லது ஆர்டிபிக்கான 3389ஐ, வெளியுலகத்துக்குத் திறந்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த இரண்டு எண்களையும் தானியங்கி நிரல்கள் இணையம் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. பழைய விஎன்சி முறையில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள், அதற்குப்பின் போகும் படத்துக்கு மறையாக்கமும் இல்லை. வெளியிலிருந்து வர வேண்டும் என்றால் முதலில் விபிஎன் அல்லது எஸ்எஸ்எச் என்ற மறையாக்கிய சுரங்கப்பாதை, அதற்குள் விஎன்சி.

சரி, எதை எடுப்பது?

குடும்பத்தினருக்கு எப்போதாவது உதவ வேண்டும், பணம் செலவழிக்க விருப்பமில்லை, எல்லோரிடமும் கூகுள் கணக்கு இருக்கிறது என்றால் நான் முதலில் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பைச் சொல்வேன். உதவி கேட்பவர் ஒரு 12 இலக்க எண்ணைச் சொல்கிறார், நீங்கள் உலாவியிலேயே தட்டுகிறீர்கள். அந்த எண் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும், அது நல்லதுதான். குரோம்புக் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே சுலபம். வசதிகள் குறைவு என்பது குறை, குழப்பிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை என்பது நிறை. லினக்ஸில் நிரந்தரமாக அமைத்தால் மட்டும் ஒரு விசித்திரம்: எதிரே இருப்பவரின் திரையைக் காட்டாமல் வழக்கமாகத் தனியாக ஒரு புதிய மேசையைத் திறந்து கொடுக்கும். நீங்கள் ஒன்றைச் செய்துகொண்டிருப்பீர்கள், அவர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டீம்வியூவரும் எனிடெஸ்க்கும் இந்தத் துறையின் பெரிய கைகள். இரண்டும் ஜெர்மனியில் பிறந்தவை, முன்னது 2005இல், பின்னது 2014இல். மேக்கின் இரண்டு அனுமதிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளும், கோப்பு மாற்றம், பல திரைகள், கணினியை மறுதொடக்கம் செய்து மீண்டும் இணைவது எல்லாம் உண்டு. இலவசம் என்பது சொந்த உபயோகத்துக்கு மட்டும். அலுவலக வேலைக்குப் பயன்படுத்துவதாகச் சந்தேகம் வந்தால் நடுவில் துண்டிக்கும். அக்கம்பக்கத்தார் பத்துப் பேருக்கு நல்ல மனசோடு உதவுபவரைக்கூட நிரலால் வியாபாரியிடமிருந்து பிரித்துப் பார்க்க முடிவதில்லை. தொழிலுக்குத்தான் என்றால் சந்தாவைக் கட்டிவிடுங்கள், தலைவலி மிச்சம்.

நடுவில் ஒரு நிறுவனத்தின் சர்வர் இருப்பதே பிடிக்கவில்லையா? ரஸ்ட்டெஸ்க் இருக்கிறது. திறந்த மூலம், தோற்றத்தில் மேலே சொன்னவற்றின் தம்பி மாதிரி. அறிமுகப்படுத்தும் சர்வரையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். சின்ன அலுவலகத்தில் மூன்று இயங்குதளங்களும் கலந்து கிடந்து, சர்வர் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால் என் ஓட்டு இதற்கே. அப்படி ஆள் இல்லையென்றால் வேண்டாம். கவனிப்பாரற்ற சொந்த சர்வரைவிட, தினமும் கவனிக்கப்படும் பிறத்தியார் சர்வர் மேல்.

இரண்டு முனையும் விண்டோஸ் என்றால் எதையும் இறக்கவே வேண்டாம், குவிக் அசிஸ்ட் உள்ளேயே இருக்கிறது. மேக்கோ லினக்ஸோ நுழைந்த நொடியில் அது பயனற்றதாகிவிடும். அதேபோல் உள்ளே நுழைய வேண்டியது விண்டோஸ் புரோ, உட்கார்ந்திருப்பது மேக் என்றால் மைக்ரோசாஃப்ட்டே தரும் செயலி போதும். 2024இல் அதற்கு விண்டோஸ் ஆப் என்று பெயர் மாற்றினார்கள். தேடுபொறியில் தேடிக் கண்டுபிடிக்க இதைவிட மோசமான பெயர் கிடைத்திருக்காது.

விசைப்பலகைச் சில்லறைத் தொல்லைகள்

மேக்கிலிருந்து விண்டோஸை இயக்கும்போது நகலெடுக்கக் கை தானாகக் கமாண்ட் விசைக்குப் போகும், விண்டோஸ் எதிர்பார்ப்பதோ கன்ட்ரோல். நல்ல மென்பொருள்களில் இதை மாற்றித்தரும் அமைப்பு உண்டு. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உங்கள் கணினியே அதை விழுங்கிவிடும், எதிர்முனைக்கு அனுப்ப மெனுவில் தனிப் பொத்தான் இருக்கும்.

தமிழ் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க: ஆர்டிபி வழக்கமாக எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டும் அனுப்புகிறது, எழுத்தை அனுப்புவதில்லை. ஆகவே உங்கள் கணினியில் தமிழ்99 விசைப்பலகை இருந்து பயனில்லை, எதிர்முனைக் கணினியில் இருக்க வேண்டும். விஎன்சி மாறாக எழுத்துக் குறியீட்டை அனுப்புகிறது, அங்கே இரண்டு பக்கமும் தமிழை இயக்கினால் அபத்தமான எழுத்துகள் கொட்டும். நான் என்ன செய்கிறேன் என்றால், எந்த மென்பொருளாக இருந்தாலும் என் பக்கத்தை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு எதிர்முனையில் மட்டும் தமிழை இயக்குகிறேன். அதுவும் சரிவராவிட்டால் இங்கே தட்டி, நகலெடுத்து, அங்கே ஒட்டுவது.

தேர்ந்தெடுத்த பிறகு ஒருமுறை ஒத்திகை பாருங்கள், அவசரம் வருவதற்கு முன்னால். எதிர்முனையில் ஏதாவது ஒன்றை நிறுவிப் பாருங்கள், அனுமதிப் பெட்டி தெரிகிறதா என்று. கணினியை மறுதொடக்கம் செய்து மீண்டும் உள்ளே வர முடிகிறதா என்று பாருங்கள். இரண்டாவது திரை இருந்தால் அதற்கு மாறிப் பாருங்கள். இந்த மூன்றில் தேறினால் மற்றவை சமாளிக்கக் கூடியவை.

முன்பின் தெரியாதவர் ஃபோனில் வந்து, "உங்க கணினியில் வைரஸ் இருக்கு, உங்க கணக்கில் சிக்கல், இந்தச் செயலியை இறக்கி எண்ணைச் சொல்லுங்க" என்றால் வைத்துவிடுங்கள். மேலே பெயர் சொன்ன நல்ல மென்பொருள்களையேதான் மோசடிக்காரர்களும் இறக்கச் சொல்கிறார்கள். மென்பொருள் அசலாக இருப்பதால் ஆள் அசலாகிவிடமாட்டார். உதவி கேட்டு முதலில் அழைத்தது நீங்களாக இருக்க வேண்டும்.

பிரின்டர் விவகாரம் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. அச்சு வரிசையில் ஒரு பழைய கோப்பு சிக்கிக் கிடந்தது, அதைத் தூக்கியதும் சரியாகிவிட்டது. இணைப்பைத் துண்டித்த பிறகும் சித்தப்பா ஃபோனை வைக்கவில்லை.

"போயிட்டியா? இல்ல, இன்னும் பார்த்துக்கிட்டு இருக்கியா?"

நியாயமான கேள்வி. வேலண்டில் என்றால் யாராவது திரையைப் பார்க்கும்வரை மேல்பட்டையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குறி தெரியும், அது மறைந்ததா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். படம் வருவதற்காக நான் மாற்றிவைத்த எக்ஸ்11இல் அந்தக் காவல்காரன் கிடையாது. ஆகவே மென்பொருளை முழுக்க மூடச் சொன்னேன். பிறகு வெளியேறி, பற்சக்கரத்தைச் சொடுக்கி, பழைய தேர்வுக்கே திரும்பச் சொன்னேன்.

"எந்த மூலையில?" என்றார்.

"வலது பக்கம், கீழே."

"ஆங், கிடைச்சிடுச்சு."